வாம்பயர் நாசகாரிக் கப்பல்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடிக்காரன்:
1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும். என் மனதை அரிப்பது அதோடு சேர்ந்து மூழ்கின வாம்பயர்தான். ஒரு விடியற்காலை மாமாவோடு வள்ளத்தில் போயிருந்தேன். எஞ்சினை அணைத்திருந்தோம், ஆனாலும் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. பார்த்தால் தண்ணீர்மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம். "ஹெர்மிஸ் இன்னும் கசியுது மருமகன்" என்றார். "அப்ப மற்றக் கப்பல் எங்க மாமா?" என்றேன். அவருக்கு அப்படி ஒரு கப்பல் இருந்ததே தெரியாது. நாற்பது வருடமாக அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்!

சிட்னிவாசி:
டார்லிங் ஹார்பரில் ஒரு வாம்பயர் நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம். பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இரும்பைத் தடவிக்கொண்டே, "இதுதான் நம்மட கடலில மூழ்கின கப்பல்" என்று பேரனிடம் சொன்னார். இது அதே பெயரில் 1959இல் சேவைக்கு வந்த வேறு கப்பல் என்று நான் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மெர்சிங் மைந்தன்:
எங்கள் பாட்டி அப்போது மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில். 1942 ஜனவரி 27, விடியுமுன் கடல் பக்கம் பீரங்கிச் சத்தம்; வாம்பயரும் பிரிட்டிஷ் நாசகாரி தானெட்டும் ஜப்பானியக் கப்பல்களோடு மோதின. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினாராம். தானெட் மூழ்கியது, வாம்பயர் சிங்கப்பூருக்குத் தப்பியது. எது எந்தக் கப்பல் என்று பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது.

பழைய மாலுமி:
கல்லடித் தம்பி, 'ஹெர்மிஸோடு மூழ்கின' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். 1917இல் இங்கிலாந்தில் நீரில் இறங்கிய கப்பல் வாம்பயர். 1933இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் 'பழைய இரும்பு' என்று ஏளனம் செய்த ஐந்து கப்பல்களில் ஒன்று. அந்தப் பழைய இரும்புக் கூட்டம்தான் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்துக்குப் படையும் சாமானும் கொண்டுபோனது. 1941 டிசம்பர் 10 பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரிபல்ஸ் மூழ்கியபோது இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியது வாம்பயர்தான். நான் ஹெர்மிஸ்மேல் ஒரு தடவை இறங்கினேன், இருட்டில் ஒரு பீரங்கிக் குழல் தெரிந்தது, அவ்வளவுதான். அப்புறம், இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்புவதாக இருந்தால்: ஹெர்மிஸ் கிடக்கும் ஆழம் ஐம்பது மீட்டருக்கு மேல். சாதாரணச் சுழியோடிகளுக்கு நாற்பதுதான் எல்லை. தனிப் பயிற்சி இல்லாமல் இறங்காதீர்கள், மேலே வரும்போது அவசரப்படாதீர்கள், உள்ளே நுழையவே வேண்டாம். ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். வாடைக்காற்று தொடங்கினால் யாரும் வள்ளம் எடுக்க மாட்டார்கள்.