அன்றைக்கே கேட்காமல் விட்ட ஒரு விஷயம்: மருத்துவ மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் (படிப்பின் முடிவில் ஒரு வருடம் வார்டில் பயிற்சி எடுப்பவர்கள்) இவர்களின் நடத்தை பற்றி உங்கள் அனுபவம்?

சர்ஜரி_ஏபி

நான் சர்ஜரியில் அசிஸ்டெண்ட் புரொஃபசர். ஆறு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. காலை எட்டரைக்கு வார்டுக்குப் போகிறேன், 14-ஆம் பெட் காலி. குடலில் ஓட்டை விழுந்து வந்தவர், விடியற்காலை ஐந்தே முக்காலுக்கே தியேட்டருக்கு அனுப்பியாகிவிட்டது, சீஃப் உள்ளே ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் கேஸ் ஷீட்டோடு போகாமல் கட்டிலிலேயே தொங்கிக்கொண்டிருந்த பிபி சார்ட்டில் ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி மூன்றுக்கும் 120/80, பல்ஸ் 82 என்று நீல மையில் திருத்தமாக எழுதியிருக்கிறது. (பிறகு அனஸ்தீசியா குறிப்பைப் பார்த்தேன். எட்டு மணிக்கு அவருடைய பிபி 80/50, ஆபத்தான அளவுக்குக் குறைவு.)

எழுதிய பையன் எனக்குப் பின்னால்தான் நின்றான். நல்ல பையன், நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுவான். நான் சார்ட்டைப் படிப்பதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அந்தப் பேனாதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் சார்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு 15-ஆம் பெட்டுக்குப் போய்விட்டேன். அவனுக்கு ஹவுஸ் சர்ஜன் முடிய 12 நாள்தான் இருந்தது, எதற்கு வம்பு என்று நினைத்தேன். கடைசி நாள் பயிற்சியை முடித்ததற்கான லாக் புக்கை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். உங்களில் யாராவது இப்படி விட்டிருக்கிறீர்களா?

மீனா_ஓஜி

என்னுடையது மாணவியாக இருந்தபோது நடந்தது. லேபர் வார்டு போஸ்டிங், ஒரு பேட்ச்சில் நாங்கள் எட்டுப் பேர். முதல் பிரசவம், 19 வயசுப் பெண், மாமியார் கூட உள்ளே வர முடியாது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கற்றுக்கொள்ள ஒருவர் பின் ஒருவராக உள்பரிசோதனை செய்கிறோம். யாரும் அவளிடம் கேட்கவில்லை, யாரும் பேர்கூடச் சொல்லவில்லை. நான் ஐந்தாவதோ ஆறாவதோ. கையுறை போட்டுக்கொண்டு போய் நின்றேன், அவள் கண்ணைத் திறந்து, "இன்னும் எத்தனை பேரும்மா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் பரிசோதனை செய்தேன். செய்துவிட்டு "நாலு சென்டிமீட்டர் மேடம்" என்று சொன்னேன்.

சிரித்த இரண்டு பேரை மேடம் அன்று நன்றாகத் திட்டினார்கள். ஆனால் எட்டுப் பேரை வரிசையில் நிறுத்தியது யார்? மாணவர்களின் நடத்தை என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். நாங்கள் அங்கே எதைப் பார்த்தோமோ அதைத்தான் கற்றுக்கொண்டோம்.

ஸ்டாஃப்நர்ஸ்_நைட்டூட்டி

சார், தப்பாக நினைக்காதீர்கள், அந்தப் பையன் செய்தது ஒரு தப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்டது இன்னொன்று.

எனக்கு 22 வருட சர்வீஸ். மெடிக்கல் வார்டில் ஒரு ராத்திரி ஒரு தாத்தாவுக்கு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் வைத்துவிட்டு டூட்டி ஹவுஸ் சர்ஜனுக்கு 1.40-க்குப் போன் அடித்தேன், 1.50-க்கு அடித்தேன், எடுக்கவில்லை. அட்டெண்டரை ரூமுக்கு அனுப்பினேன், கதவு திறக்கவில்லை. மேல்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் கேஷுவாலிட்டியிலிருந்து ஓடி வந்து பார்த்தார், தாத்தா பிழைத்துக்கொண்டார். நான் ரிப்போர்ட் புக்கில் நேரம் போட்டு எழுதிவிட்டேன். காலையில் அந்தத் தம்பி வந்து, "சிஸ்டர், அதை மட்டும் அடித்துவிடுங்கள், அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்" என்று அழுகிறான். என் மகன் வயசு. பேனாவை மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. அதன் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை, ஆனால் போஸ்டிங் முடிகிறவரை போன் முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

இப்போ_சிஆர்ஐ

சிஸ்டர் சொல்வது சரி, ஆனால் அந்தத் தம்பி அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் விழித்திருந்தான் என்று யாராவது கேட்டார்களா? நான் இப்போது ஹவுஸ் சர்ஜன், சிஆர்ஐ என்பதும் அதுதான். ரத்தம் எடுப்பது, சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, ஆளில்லாவிட்டால் ட்ரோலி தள்ளுவது எல்லாம் நாங்கள்தான். 40 பெட்டுக்கு மணிக்கொரு தரம் பிபி பார்க்கச் சொன்னால், ஒரு பெட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கே 80 நிமிடம் ஆகும். ஓய்வே இல்லாமல் சுற்றினாலும் முடியாத கணக்கு அது. பொய் எழுதுவது தப்பு, அதில் சந்தேகமே இல்லை, நான் எழுதியதில்லை. ஆனால் "ஏழு மணி பார்க்கவில்லை" என்று உண்மையை எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? எனக்கு நடந்தது. சார்ட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். எங்கள் யூனிட் சார், 30 நோயாளிகள், அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், "உன்னைப் பெத்தவங்க மாடு மேய்க்க விட்டிருக்கலாம்" என்றார். என் அப்பா ஆடு மாடு வைத்திருக்கிறவர்தான். ஜன்னல் ஓரம் இருந்த ஒரு பாட்டி சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தது. அதை வாங்கும்போது தாங்க முடியவில்லை.

2019-ல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து ஏட்காம் என்று மனப்பான்மைக்கும் அறநெறிக்கும் நோயாளியிடம் பேசும் முறைக்கும் தனி வகுப்பே இருக்கிறது. எங்கள் பேட்ச்சுக்கு அதை ஏசி ஹாலில் ஸ்லைடு போட்டு நடத்தினார்கள். எந்த ஸ்லைடிலும் இந்தக் காலிக் கட்டம் வரவில்லை.

மெடிசின்_ஓய்வு

நான் 31 வருடம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன். என் அனுபவம் சின்னது: ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் போட்ட ஒரு பெண்ணை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துத் திட்டினேன், அடுத்த வாரம் அவள் வேறு யூனிட்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். தந்தை டயாலிசிஸில் இருந்ததை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. 2005-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. பிற்காலத்தில் அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் நடவடிக்கைக்கு ஆளான 235 டாக்டர்களின் மாணவர் காலக் கோப்புகளை எடுத்து, நடவடிக்கைக்கு ஆளாகாதவர்களின் கோப்புகளோடு ஒப்பிட்டார்கள். படிக்கும்போதே நடத்தை சரியில்லை என்று குறிப்பு இருப்பது முதல் கூட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் பொறுப்பின்மை, சொன்னால் திருத்திக்கொள்ளாமை இந்த இரண்டும்தான் முன்னால் நின்றன. அதற்காக ஒரு தப்பு செய்த பையனை ஒழிந்தான் என்று முத்திரை குத்தவும் கூடாது, ஏனென்றால் ஒழுங்காகத் தொழில் செய்தவர்களிலும் 100-க்கு 19 பேரின் கோப்பில் அப்படிக் குறிப்பு இருந்தது. சொன்னால் கேட்கிறானா என்பதுதான் பார்க்க வேண்டியது, அதற்கு முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? அன்றைக்கே சொல்லுங்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதற்குப் படிப்படியாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள், முதல் படிக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஒரு கப் காபி'. உட்கார வைத்து, நான் பார்த்தது இது என்று மட்டும் சொல்வது. "நீ பொறுப்பில்லாதவன்" என்றால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். "14-ஆம் பெட் ஆள் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டார், எட்டு மணிக்கு 120/80 எழுதியிருக்கிறது, என்னப்பா நடந்தது?" என்று கேட்டால் பதில் வரும். அந்தப் பதில் 40 பெட், இரண்டு ஆள் என்றால் உங்களுக்கும் வேலை இருக்கிறது, போய் சீஃப்பிடம் பேச வேண்டும். பேசிய தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மறுபடி நடந்தால் துறைத் தலைவர் (எச்ஓடி), அதற்கும் மேலே போனால் டீன். பொய் பிபி எழுதுவதும் நோயாளியைக் கேலி செய்வதும் ஒரே எடை இல்லை, தாமதமாக வருவது இரண்டையும் விட லேசானது, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல் கத்தினால் மாணவனுக்கு எது பெரிது என்றே தெரியாமல் போகும். லாக் புக்கில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு, போஸ்டிங்கை நீட்டிக்கவும் வழி உண்டு. ஆனால் அது முதல் பேச்சாக இருக்கக் கூடாது.

மீனா_ஓஜி

சார், காபி நல்ல யோசனை, ஆனால் அதெல்லாம் மேலே இருந்து கீழே வருவது. சீஃப் வரிசை கட்டச் சொல்லும்போது மூன்றாம் வருடப் பெண் யாருக்குக் காபி வாங்கிக் கொடுப்பாள்? என் யூனிட்டில் இப்போது நான் வைத்திருக்கும் விதி இதுதான்: மாணவர் முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும், ஒரு பெண்ணை ஒரு மாணவருக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நிறையப் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய_ஹாஸ்டல்

வார்டுக்கு வருவதற்கு முன்னாலேயே இது தொடங்கிவிடுகிறது. ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை 1996-ல், அதன் பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது, அதற்கப்புறம் சேர்ந்தவன் நான். அடி உதை இல்லை. ஆனால் சீனியர் ரெக்கார்டு நோட்டை நாங்கள்தான் எழுதுவோம். பார்க்காத எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ரீடிங் போடுவதை நான் முதல் வருடத்திலேயே, ராத்திரி இரண்டு மணிக்கு, வேறு ஒருவன் நோட்டில் கற்றுக்கொண்டேன். அந்த 120/80-ஐப் படித்ததும் என் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது.

சர்ஜரி_ஏபி

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்னதை மறுக்கமாட்டேன். இப்போ_சிஆர்ஐ தம்பி, அன்றைக்கு எங்கள் வார்டில் 38 நோயாளிகள், இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள். இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஸ்டாஃப்நர்ஸ்_நைட்டூட்டி

சார், அந்த 14-ஆம் பெட் ஆள் என்ன ஆனார்? இவ்வளவு பேர் பேசியாயிற்று, அதை யாரும் கேட்கவில்லை.

சர்ஜரி_ஏபி

பிழைத்தார் சிஸ்டர். பதினோராம் நாள் தையல் பிரித்து நடந்தே வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் எழுதும்போது அந்த சார்ட்டும் கேஸ் ஷீட்டில் சேர்ந்து ரெக்கார்டு ரூமுக்குப் போனது. மூன்று 120/80-ம் அதில் அப்படியே இருக்கின்றன.