மினியாபொலிஸ் – செயின்ட் பால்: மாநிலப் பணம் ஒரே பையிலிருந்தா வருகிறது?

ஆற்றங்கரை (கேள்வி):
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் இந்த இரட்டை நகரங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அவர்களுக்கு மைதானம் கட்டிக் கொடுத்தார்கள், எங்களுக்கு என்ன செய்தார்கள்" என்ற புலம்பலும் கூடவே வருகிறது. நடுவில் ஓடுவது மிசிசிப்பி ஆறு மட்டும்தான். ஒரு நகரத்துக்குப் போகும் மாநிலப் பணம் மற்றதன் பங்கிலிருந்து கழிகிறதா? சூத்திரம் போட்டுப் பிரிக்கிறார்களா, பேரம் பேசி வாங்குகிறார்களா?

வரவுசெலவு:
இரண்டும் உண்டு, ஆனால் வெவ்வேறு கணக்கில்.

உள்ளாட்சி உதவித்தொகை சூத்திரப்படி வருவது. நகரத்தின் தேவையைக் கணக்கிட்டு (மக்கள்தொகையோடு பழைய வீடுகளின் விகிதம் போன்றவையும் இதில் சேரும்), அந்த நகரம் சொத்துவரியாகத் திரட்டக்கூடியதைக் கழிக்கிறார்கள். மிஞ்சும் இடைவெளியில் ஒரு பங்கை மாநிலம் தருகிறது. மொத்தத் தொகை சட்டத்தில் நிலையாக இருப்பதால் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும் என்பது சரிதான். ஆனால் அந்த "இன்னொருவர்" பக்கத்து நகரம் மட்டுமல்ல. மாநிலத்தின் 850க்கும் மேற்பட்ட நகரங்களும் அதே தொகையில்தான் பங்கு கேட்கின்றன. 2023இல் சட்டமன்றம் 8 கோடி டாலர் சேர்த்து, ஆண்டுத் தொகையைச் சுமார் 64.4 கோடி டாலராக்கியது. ஒரு நகரத்தின் பங்கு ஒரே ஆண்டில் சரிவதற்கும் வரம்பு உண்டு: தலைக்கு 10 டாலர், அல்லது முந்தைய ஆண்டு சொத்துவரி விதிப்பில் 5%, எது குறைவோ அது.

சிக்கல் தவணையில் இருக்கிறது. பணம் ஜூலையில் பாதி, டிசம்பரில் பாதி. நகரங்களின் நிதியாண்டு டிசம்பரோடு முடிகிறது. 2008 டிசம்பரில் ஆளுநர் டிம் பொலன்டி, மாநிலத்தின் பற்றாக்குறையைக் காட்டி அந்தத் தவணையில் வெட்டு வைத்தபோது, நகரங்கள் அந்தப் பணத்தை நம்பி ஏற்கனவே செலவு செய்து முடித்திருந்தன. அன்று ஆற்றின் இரு கரைக்கும் ஒரே அடி.

தலைக்கணக்கு:
மக்கள்தொகை என்றதும் 1890 கணக்கெடுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யார் பெரிய நகரம் என்ற போட்டியில் இரண்டு பக்கமும் ஆள் சேர்த்தே எழுதினார்கள். செயின்ட் பால் ரயில் நிலையத்தில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் குடியிருப்பதாகப் பதிவு! மறு எண்ணிக்கையில் மினியாபொலிஸ் 1,82,967இலிருந்து 1,64,738 ஆகவும், செயின்ட் பால் 1,42,581இலிருந்து 1,33,156 ஆகவும் இறங்கின.

விஷயத்துக்கு வருகிறேன். 1971இல் வந்த வரித்தளப் பகிர்வை மாநில உதவி என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் மாநிலத்தின் பணம் ஒரு காசுகூட இல்லை. பெருநகரப் பகுதியின் 7 மாவட்டங்களில், 1971க்குப் பிறகு வணிக, தொழில் சொத்துகளின் வரித்தளம் (வரி விதிக்கக்கூடிய மதிப்பு) எவ்வளவு வளர்ந்ததோ அதில் 40% பொதுத் தொகுப்புக்குப் போகிறது. மொத்தத்தில் 40% என்று படித்தால் கணக்கு எங்கோ போய்விடும், வளர்ச்சியில் மட்டும்தான். மக்கள்தொகை அதிகமும் தலைக்குச் சொத்து மதிப்பு குறைவுமான ஊருக்குக் கூடுதலாகத் திரும்பி வரும். டாலர் கணக்கில் அதிகம் பெறும் நகரம் செயின்ட் பால். மினியாபொலிஸ் சில காலம் கொடுக்கும் பக்கம், சில காலம் வாங்கும் பக்கம்.

ஆற்றங்கரை:
அப்படியானால் பேரம் எங்கே நடக்கிறது?

வரவுசெலவு:
கட்டுமானப் பணத்தில். கட்டுமானத்துக்காக மாநிலம் கடன் வாங்க அனுமதிக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கடன்பத்திர மசோதாவில் ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக எழுதப்படும். அதில் இடம்பெற நகரம் முதலில் மாநில நிதித்துறைக்கு மனுச் செய்ய வேண்டும், நகரமன்றத் தீர்மானத்தோடு. ஒன்றுக்கு மேல் கேட்டால் எது முதலில் என்று வரிசைப்படுத்தியாக வேண்டும். பொதுவாக மாநிலம் செலவில் பாதிக்கு மேல் தராது. மீதிப் பாதி கையில் இருப்பதைக் காட்டாத மனு எளிதில் பின்தங்கிவிடும். வரிசை தராமல் எல்லாமே முக்கியம் என்று அனுப்பினால், நகரத்துக்குப் பதிலாகச் சட்டமன்றக் குழு வரிசை போட்டுக்கொள்ளும். அதைவிட மோசம் எதுவும் இல்லை.

மசோதா நிறைவேற ஐந்தில் மூன்று பங்கு வேண்டும்: கீழவையின் 134 பேரில் 81, மேலவையின் 67 பேரில் 41. இரட்டை நகரங்களின் உறுப்பினர்களை மட்டும் வைத்து அதை எட்ட முடியாது, புறநகரும் கிராமப்புறமும் சேர்ந்தாக வேண்டும். அதனால்தான் இந்த இரண்டு ஊர்களும் வெளியே எவ்வளவு முறைத்துக்கொண்டாலும், ஒன்றின் திட்டத்தை மற்றது வெளிப்படையாகக் கவிழ்ப்பது தற்கொலைக்குச் சமம்.

தலைக்கணக்கு:
நீங்கள் கேட்ட மைதானத்துக்கு, அதாவது மினியாபொலிஸில் வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கட்டியதற்கு, 2012இல் போட்ட கணக்கு இது. மொத்தம் 97.5 கோடி டாலர், மாநிலம் 34.8 கோடி, மினியாபொலிஸ் 15 கோடி, மீதி அணியுடையது. அதே சட்டத்திலேயே செயின்ட் பாலின் விளையாட்டு வசதிகளுக்கு ஆண்டுக்கு 27 லட்சம் டாலர், 20 ஆண்டுகளுக்கு. அது போக அதே ஆண்டில் வேறொரு மானியத் திட்டத்திலிருந்து அங்குள்ள பேஸ்பால் மைதானத்துக்கு 2.5 கோடி. "எங்களுக்கு என்ன" என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே எழுதி வைத்த பதில் அது.

வரவுசெலவு:
ஒன்று விட்டுப்போனது. அந்த மைதானத்துக்கு வழக்கமான பொதுக் கடன்பத்திரம் பயன்படுத்தப்படவில்லை. சட்டமன்றம் ஒதுக்கும் பணத்திலிருந்து திருப்பிச் செலுத்தும் வேறு வகைப் பத்திரம். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். இறுதி வாக்கு கீழவையில் 71–60, மேலவையில் 36–30. மேலே சொன்ன 81, 41 ஆகியவற்றோடு வைத்துப் பாருங்கள்.