நல்லா இருக்கற குழந்தைய டாக்டர்கிட்ட காட்டோணுங்களா?

கேள்வி: கோபி பக்கங்க. பையனுக்கு 10 மாசம். 9 மாச ஊசி போட்டாச்சு, அடுத்தது 16 மாசத்துலதான். அதுவரைக்கும் சும்மா இருக்கலாங்களா?

பதில் 1: வேண்டாங்க, ஒரு வயசு முடிஞ்சதும் காட்டிருங்க. எடை, நீளம், தலைச்சுற்றளவு மூணையும் அளந்து வளர்ச்சி அட்டையில புள்ளி வெக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு எடையில ஒண்ணும் தெரியாது. கோடு ஏறுதா, படுத்துக்குதான்னுதான் பார்க்கோணும். ஒரு வயசுல பொறந்த எடை ஏறக்குறைய மூணு மடங்காகியிருக்கும். துணியக் கழட்டிட்டு எடை போடுங்க. 2 வயசு வரைக்கும் படுக்க வெச்சுத்தான் நீளம் அளக்கோணும்; நிக்க வெச்சா குறைச்சலாக் காட்டும், அட்டைக்குப் பொருந்தாது.

பதில் 2: ரத்தசோகையையும் கேளுங்க. நம்ம பக்கம் வீட்டுல கறவை இருந்தா டம்ளர் டம்ளரா பால் குடுத்துருவாங்க. மாட்டுப்பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. வயிறு நிறைஞ்சு குழந்தை சோறும் திங்காது. ஒரு வயசுக்கு முன்னால மாட்டுப்பால முக்கிய ஆகாரமாக் குடுக்கவே கூடாதுங்க. பேர் சொன்னாத் திரும்பறானா, புடிச்சுட்டு நிக்கறானான்னும் கவனிச்சுச் சொல்லுங்க.

பதில் 3: 16 மாச ஊசியப்போ லேசான சளி இருந்தாத் தள்ளிப் போடாதீங்க. தேதி தவறிட்டாலும் முதல்ல இருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்துல தொடரலாம். ஊசி அட்டைய மறக்காம எடுத்துட்டுப் போங்க.