புது ஹம்பக்கர் போட்டும் சத்தம் மெலிஞ்சு கிடக்கு, உதவி வேணும்

கல்லடி_ஆறுகம்பி:
எலெக்ட்ரிக் கிட்டார்ல பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பக் (கம்பி அதிர்வப் பிடிக்கிற காந்தச் சுருள்) கழட்டிட்டு புது ஹம்பக்கர் (இரைச்சல வெட்டுற ரெண்டு காயில் பிக்கப்) போட்டேன். இவ்வளவு காசு குடுத்ததுக்கு பழசே திறம். மூக்கால பாடுற மாதிரி மெல்லிய சத்தம், அடித்தொனியே இல்ல. இரைச்சலும் கூடிட்டு. ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கணும், தெரிஞ்சவங்க கெதியா சொல்லுங்க.

கல்முனை_சேர்க்கிட்:
என்ன கிட்டார்? பிக்கப்புல எத்தனை வயர்? பொட் (சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற திருகு) 250கே யா 500கே யா (கே எண்டா கிலோ ஓம்)? இதெல்லாம் இல்லாம என்னத்தச் சொல்ற தம்பி. பொட்டுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கும், அதப் பாத்துச் சொல்லுங்க. பூட்டின மாதிரியே மீட்டர் வைச்சு அளக்காதீங்க, பிக்கப்பும் குறுக்க நிக்கிறதால கணக்கு பிழைக்கும்.

வாழைச்சேனை_பேஸ்:
உயரந்தான் பிரச்சினை. கடைசி ஃபிரெட்டில கம்பிய அமத்திப் பிடிச்சிட்டு, கம்பிக்கும் பிக்கப் முனைக்கும் இடைவெளிய அளங்க. மெல்லிய கம்பிப் பக்கம் 1.5 முதல் 2 மிமீ, தடிச்ச பக்கம் 2 முதல் 2.5 மிமீ இருந்தாக் காணும். 4 மிமீ கீழ இறங்கி நிண்டா எந்தப் பிக்கப்பும் உயிரில்லாமத்தான் கேக்கும்.

ஏறாவூர்_டோன்:
செரமிக் காந்தமா இருக்கும். அல்னிகோ 5 காந்தம் எடுத்திருந்தா இந்தப் பாடில்ல. பொட்டும் 250கே தான் எண்டு நினைக்கிறன்.

கல்முனை_சேர்க்கிட்:
250கே பொட்டுக்கு ஹம்பக்கர் போட்டா மேல்தொனி போய் சத்தம் மந்தமாகும், மெலியாது. இவர் சொல்றது அதுக்கு நேர் எதிர். செரமிக்கும் அப்படித்தான். டிமார்சியோ கம்பெனி 1972ல கொண்டுவந்த சூப்பர் டிஸ்டோர்ஷன் பிக்கப் செரமிக்தானே, அத மெல்லிசெண்டு ஆரும் சொன்னதில்ல.

மட்டுநகர்_பழையகை:
ஒழுங்கா விபரம் போடாம உதவி கேக்கிறது இங்க வழக்கமாப் போச்சு. அடிப்படை படிச்சிட்டு ஈயக்கோலத் (சோல்டரிங் அயன்) தூக்குங்க. கம்பியத் தொட்டா இரைச்சல் குறையுதா? ஜேக்ல (கேபிள் குத்துற இடம்) எத்தனை ஓம் காட்டுது? இந்த ரெண்டும் தெரியாமக் கதைக்கிறதுல பிரயோசனம் இல்ல.

கல்லடி_ஆறுகம்பி:
எச்எஸ்எஸ் கிட்டார் (பிரிட்ஜில ஹம்பக்கர், மற்ற ரெண்டும் ஒத்தைக் காயில் பிக்கப்), பொட் 500கே. உயரம் 2 மிமீ. நாலு வயரும் ஒரு வெறுங்கம்பியும். பெட்டிக்குள்ள கடதாசி இல்ல, நெட்ல கிடைச்ச படத்தப் பாத்துக் குடுத்தேன். கறுப்பு ஸ்விட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் சேத்து டேப், பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்கு. ஜேக்ல 8.3 கிலோ ஓம். கம்பியத் தொட்டாலும் இரைச்சல் குறையல்ல, கிட்டாரத் திருப்பிப் பிடிச்சா மாறுது.

மட்டுநகர்_பழையகை:
8.3 நல்ல ஓம். அப்ப பிக்கப்ல பிழை இல்ல. வீட்டு எர்த்தையும் ஆம்பையும் பாருங்க.

அக்கரைப்பற்று_ஈயக்கோல்:
ஓம் சரியெண்டா வயரிங்கும் சரி எண்டு ஆகாது. காயில் ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரா மாட்டினாலும் மீட்டர்ல அதே 8.3 தான் வரும்.

தம்பி பாத்தது சீமோர் டங்கன் கம்பெனியின்ட வயர் நிறக்கணக்கு. அதுல ஒரு காயிலுக்கு கறுப்பும் வெள்ளையும், மற்றதுக்கு சிவப்பும் பச்சையும். டிமார்சியோ கணக்குல சிவப்பும் கறுப்பும் ஒரு சோடி, பச்சையும் வெள்ளையும் மற்றச் சோடி. ரெண்டாவது கணக்குல செஞ்ச பிக்கப்புக்கு முதலாவது படத்தப் பாத்துக் குடுத்தா, ஒரு காயில் தலைகீழா மாட்டுப்படும். கம்பியின்ட சத்தம் ஒண்டையொண்டு வெட்டும், வெட்டுப்பட வேண்டிய இரைச்சல் கூடிச் சேரும். அடித்தொனி போனதுக்கும் இரைச்சல் கூடினதுக்கும் ஒரே காரணம். திருப்பினா இரைச்சல் மாறுறது அது காயிலுக்குள்ளால வாறதுக்கு அடையாளம், எர்த் பிழையெண்டா அப்படி மாறாது.

நிறத்த நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்க. நாலு வயரையும் கழட்டி 20கே அளவில வைங்க. எந்த ரெண்டுக்கு நடுவில 4 கிலோ ஓம் வருதோ அது ஒரு சோடி. சிவப்பு கறுப்போட சேந்து வந்தா, சிவப்ப ஸ்விட்சுக்கும், கறுப்பையும் வெள்ளையையும் சேத்து டேப்புக்கும் குடுங்க. பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்திலயே இருக்கட்டும்.

சோடி வேற மாதிரி வந்தா திருப்புளிச் சோதனை இருக்கு. மீட்டர 200 மில்லிவோல்ட் டிசியில ஸ்விட்ச் வயருக்கும் எர்த்துக்கும் குடுத்திட்டு, திருப்புளி நுனிய ஒரு காயிலின்ட முனையில வைச்சு வெடுக்கெண்டு எடுங்க. மற்றக் காயிலுக்கும் அப்படியே. ஊசி மீட்டர் இருந்தா இன்னும் தெளிவாத் தெரியும். ரெண்டும் ஒரே பக்கம் அசைஞ்சா சரி. ஒண்டு கூடி ஒண்டு குறைஞ்சா ஏதாவது ஒரு காயிலின்ட ரெண்டு வயரையும் இடம் மாத்துங்க.

பொட்டின்ட முதுகுல எர்த் வைக்க 40 வோட்டாவது வேணும். 25 வோட் கோலால நேரம் எடுத்து வைச்சா ஈயம் பிடியாது, பொட்டும் கருகும்.

மட்டுநகர்_பழையகை:
விளக்கமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிக்கப்புன்ற பலத்த அளக்க ஓம்ம விட்டா வேற வழி இல்ல. 8 எண்டா மிதம், 16 எண்டா பலம்.

கல்முனை_சேர்க்கிட்:
அதுவும் அப்படியில்ல அண்ணன். அதே சுற்றுக்கு, காயில் சுத்துற 42 கேஜ் கம்பிய விட 43 கேஜ் கம்பி ஏறக்குறைய கால்வாசி ஓம் கூடக் காட்டும், மெல்லிய கம்பி அவ்வளவுதான். கிரெட்ச் கம்பெனியின்ட ஃபில்டர்ட்ரான் பிக்கப் 4 கிலோ ஓம் அளவுலதான் நிக்குது, அத ஆரும் பலமில்லாத பிக்கப் எண்டு ஒதுக்கிறதில்ல. காந்தமும் சுற்றும் சேந்துதான் கணக்கு. வெக்கையும் பாருங்க. செம்பு ஒரு பாகைக்கு 0.4 வீதம் அளவுல கூடும். 20 பாகையில 8.0 எண்டு அச்சடிச்சது, மட்டக்களப்பில 32 பாகையில 8.4 க்குக் கிட்டக் காட்டும்.

மட்டுநகர்_பழையகை:
ஒரே கம்பெனியின்ட ரெண்டு பிக்கப்ப ஒப்பிட ஓம் காணும். அதத்தான் சொன்னேன்.

ஏறாவூர்_டோன்:
ஆனா அல்னிகோ தான் இனிமை, அதுல மாத்தமில்ல.

கல்லடி_ஆறுகம்பி:
ஈயக்கோல் நானா சொன்னதுதான் சரி. சிவப்பு கறுப்போட சேந்து 4.1 காட்டிச்சு. சிவப்ப ஸ்விட்சுக்கு மாத்தினதும் அடித்தொனி வந்திட்டு, இரைச்சலும் போச்சு. நன்றி. ஆனா ஸ்விட்ச் ரெண்டாவது இடத்துல, பிரிட்ஜும் நடுவும் சேரும்போது மட்டும் இன்னும் மெல்லிசாக் கேக்குது.

அக்கரைப்பற்று_ஈயக்கோல்:
அது ஹம்பக்கரும் நடுப் பிக்கப்பும் எதிரா நிக்கிறதால. ஹம்பக்கர முழுசாத் திருப்புங்க: பச்சை ஸ்விட்சுக்கு, சிவப்பு எர்த்துக்கு. கறுப்பு வெள்ளை இணைப்பத் தொடாதீங்க. வெறுங்கம்பிய மட்டும் பச்சையோட கொண்டு போகாம எர்த்திலயே விடுங்க, ஸ்விட்சுக்குப் போனா இரைச்சல் கூடும்.