துபாய் நாலு மணி நேரம்தான், கீழக்கரையிலிருந்து அல்ல

புதிதாக துபாய் வந்திருக்கிற ஊர்த் தம்பி ஒருவர் கேட்டார்: "காக்கா (அண்ணன்), இரவு 10 மணிக்கு மதுரையில் ஏறினால் 12.30க்கு துபாயில் இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறதே, இரண்டரை மணி நேரம்தானா?"

இல்லை தம்பி. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் கடிகாரத்தை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதைச் சேர்த்தால் நாலு மணி நேரம். ஊருக்குத் திரும்பும்போது இதே கணக்கு ஐந்தரை என்று காட்டி பயமுறுத்தும். அங்கே ஒன்றரையைக் கழித்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே தூரம்தான், அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால்.

நேரத்தைவிடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். என் முதல் லீவுக்கு டிக்கெட்டில் 22ஆம் தேதி 00.40 என்று இருந்தது. 22 ராத்திரி சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, ரூம்காரர்களிடம் சலாம் சொல்லி, அட்டைப்பெட்டியில் கயிறு கட்டிக்கொண்டு ஏர்போர்ட் போனேன். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நேற்று இரவே போய்விட்டதே" என்றார். ஊரில் வாப்பா வேன் பேசி அனுப்பி, அது வெறும் வண்டியாகத் திரும்பியிருந்தது. 00.40 என்றால் முந்தின நாள் இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டுக்குத் தேதி சொல்லும்போது "திங்கள் ராத்திரி விடிஞ்சா செவ்வாய்" என்று கிழமையோடுதான் சொல்கிறேன்.

சரி, இனி தரைக் கணக்கு. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை ஏர்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விட வேண்டும். பறப்பது நாலு. இறங்கி இமிக்ரேஷன், பெட்டி, ரூம் என்று இரண்டு. ஆக வாசலிலிருந்து கட்டில் வரை பன்னிரண்டு. மதுரையில் உங்கள் தேதிக்கு நேரடி விமானம் இல்லையென்றால் திருச்சியைப் பாருங்கள், அதற்கடுத்துதான் சென்னை. சென்னை டிக்கெட் மலிவு என்று எடுத்தால் ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரையும். ஷார்ஜாவில் இறங்கும் டிக்கெட்டும் அப்படித்தான். உங்கள் கேம்ப் (கம்பெனி தங்குமிடம்) துபாயின் மறுகோடியில் ஜெபல் அலியில் இருந்தால் டாக்ஸிக்காரருக்குத்தான் லாபம்.

கொழும்பு வழியாக துபாய் போகும் டிக்கெட் என்றதும் ராமேஸ்வரத்து நண்பர் சிரித்தார். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், அதற்கு மேற்கே மதுரைவரை வந்து விமானம் ஏற வேண்டுமே என்று. எடுப்பதானால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அப்புறம் நம்ம ஊர் இனிப்பான தொதல். கைப்பையில் வைத்தால் ஸ்கேனரில் கெட்டியான உருண்டையாகத் தெரிந்து, பிரித்துக் காட்டச் சொல்வார்கள். பெரிய பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்துக்கு எட்டத்தில் வையுங்கள்.