பழைய வரைபடத்தில் ஆற்றை விட்டு விலகும் எல்லைக்கோடு

கேள்வி:
ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் (1:63,360) பழைய நிலத்தோற்ற வரைபடம் ஒன்றைப் படித்து வருகிறேன். அதில் ஆறு ஏறத்தாழ நேராக ஓடுகிறது. நிர்வாக எல்லையைக் காட்டும் புள்ளிக்கோடோ அதன் இருபுறமும் மாறி மாறி வளைந்து செல்கிறது. அப்படி வளைவதற்கு மேடோ சாலையோ அங்கே இல்லை. வரைந்தவரின் பிழை என்று இதை ஒதுக்கிவிடலாமா?

பதில் 1:
ஒதுக்க வேண்டாம். எல்லை வகுக்கப்பட்ட காலத்தில் ஆறு அந்த வளைவுகளில்தான் ஓடியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆறு தானாக இடம் மாறினாலும், வெட்டி நேராக்கப்பட்டாலும், ஆவணத்தில் பதிந்த எல்லை பெரும்பாலும் பழைய தடத்திலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் கஸ்காஸ்கியா இதற்குத் தெளிவான சான்று: 1881-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மிசிசிப்பி தடம் மாறியதால் அவ்வூர் ஆற்றுக்கு மேற்கே, மிசௌரிப் பக்கம் போய்விட்டபோதிலும், இன்றும் அது இல்லினாய் மாநிலத்துக்கே உரியது.

இனி அந்த வளைவுகளின் உட்புறத்தையும் ஓரங்களையும் கூர்ந்து பாருங்கள். ஆறு விட்டுச்சென்ற பிறை வடிவக் குளம், சதுப்புக் குறியீடு, காரணமின்றி வளையும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எல்லைக்கோட்டோடு ஒட்டி வந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். கோடுகளுக்கிடையே 50 அடி இடைவெளி உள்ள தாளில், ஆளுயரமே ஆழமுள்ள பழைய ஆற்றுத்தடம் தென்படாது.

பதில் 2:
மேலே கூறியது சரியே. தாளை வருடி (ஸ்கேன் செய்து), க்யூஜிஐஎஸ் போன்ற கட்டணமற்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்த்தால், பழைய தடம் வயல்களில் நிறவேறுபாடாகத் தெரியக்கூடும். பொருத்துவதற்கு முக்கோண அளவை நிலையங்களையும் (நில அளவைக்காகக் குறிக்கப்பட்ட நிலையான இடங்கள்) பழைய பாலங்களையும் தேர்ந்தெடுங்கள். நகரும் ஆற்றங்கரையைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக, அதாவது இரு படங்களையும் பொருத்தும் பொது இடமாகக் கொண்டால், நீங்கள் தேடும் மாற்றமே கணக்கில் கரைந்துவிடும். 1:63,360 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஏறத்தாழ 63 மீட்டர் என்பதால், சிறு விலகல்களுக்குப் பொருள் தேட வேண்டாம்.

பதில் 3:
ஆறு எப்போது இடம் மாறியது என்று முடிவு கட்டுமுன், தாளின் ஓரத்தில் அளவை செய்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட ஓர் அங்குலப் படங்களின் முதல் வரிசையில், நிலத்தை மறுபடி அளக்காமலேயே புதிய ரயில் பாதைகளை மட்டும் அச்சிடும் செப்புத் தகட்டில் சேர்த்த தாள்கள் உண்டு. அத்தகைய தாளில் ரயில் பாதையும் ஆறும் அருகருகே இருந்தாலும் அவை ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே உங்கள் தாளிலுள்ள நேரான ஆறு, அச்சிட்ட ஆண்டுக்குப் பல்லாண்டுகள் முன்பே அளக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.