விகான்: செடிப் பெயரா, சீனப் பெயரா?

உப்புக்காற்று:
பிலிப்பைன்ஸில் லூசோன் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கும் விகானுக்குப் போன மாதம் போய் வந்தேன். குதிரை வண்டிக்காரர் ஒரு கதை சொன்னார். ஸ்பானியர்கள் வந்து இறங்கி, இரும்படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இது என்ன ஊர் என்று கேட்டார்களாம், பாஷை புரியாத அவர் பக்கத்தில் நின்ற செடியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "பிகான், ஆப்போ" என்றாராம் (ஆப்போ என்றால் நம் ஐயா மாதிரி). தங்கியிருந்த வீட்டுக்காரரோ அது சீன வியாபாரிகள் வைத்த பெயர், அழகிய கரை என்று அர்த்தம் என அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது? அப்புறம் பிகான் எப்படி விகான் ஆனது?

ஏட்டுச்சுரைக்காய்:
கடைசிக் கேள்வி சுலபம். ஸ்பானிஷில் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலிதான், எழுதுகிறவர் கைக்கு வந்ததை எழுதிவிடுவார்.

கொல்லர் கதையை விட்டுத்தள்ளுங்கள். லூசோனுக்கும் இதே கதைதான்: நெல் குத்திக்கொண்டிருந்தவரிடம் ஊர்ப்பெயர் கேட்டார்களாம், அவர் உரலைக் காட்டி 'லுசோங்' என்றாராம். போன இடமெல்லாம் கேட்டும் ஒருத்தர்கூடவா சரியான பெயரைச் சொல்லவில்லை?

ஆனால் செடி நிஜம். பிகா என்பது ஆளுயரத்துக்கு மேல் வளரும் சேம்பு, இலையைக் குடையாகப் பிடிக்கலாம், சாறு பட்டால் கை அரித்துத் தள்ளிவிடும். 'அன்' என்ற விகுதி இடத்தைக் குறிக்கும். அதே கரையில் தெற்கே இருக்கும் பங்காசினானைப் பாருங்கள், அசின் என்றால் உப்பு, அது உப்பு விளையும் இடம். அப்படித்தான் பிகா மண்டிய ஆற்றங்கரை கபிகான் ஆனது, அது சுருங்கிப் பிகான் ஆயிற்று.

மூன்றாம்படகு:
சீனக் கதையை அப்படி ஒதுக்க வேண்டாம். 1572-ல் ஸ்பானியப் படைத்தலைவர் சால்செடோ வருவதற்கு முன்பே சீனப் படகுகள் அங்கே வியாபாரத்துக்கு வந்துபோயின. கிரிசோலோகோ தெருவில் சிப்பி ஜன்னல் வைத்த பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல சீன மெஸ்டிசோ (சீனரும் உள்ளூர்க்காரரும் கலந்த) குடும்பங்கள் கட்டியவை.

ஏட்டுச்சுரைக்காய்:
வியாபாரம் நடந்தது சரி, அதற்காகப் பெயரும் அவர்கள் வைத்தது என்று ஆகிவிடாது. வெளியூர்ப் பெயரைச் சீன எழுத்தில் எழுதும்போது ஒலியும் ஒத்து, நல்ல பொருளும் தருகிற எழுத்தாகப் பொறுக்கி எடுப்பது அவர்கள் வழக்கம். 'அழகிய கரை' அப்படி வந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

இன்னொன்று. ஸ்பானியர்கள் 1574-ல் அந்த ஊருக்கு வில்லா பெர்னாந்தினா என்று பெயர் வைத்தார்கள், அரசர் இரண்டாம் பிலிப்பின் மகன் பெர்னாந்தோ பெயரில். பாவம், அந்தப் பிள்ளை ஏழு வயது நிரம்பும் முன்பே 1578-ல் இறந்துவிட்டது. 1758-ல் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பீடம் அங்கே மாறியபோதும் ஊரை பெர்னாந்தினா நகரம் என்றே எழுதினார்கள். ஜனங்கள் வாயில் விகான்தான் நின்றது, 1999-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் அந்தப் பெயரில்தான்.

உப்புக்காற்று:
நன்றி. வீட்டுக்காரர் கொல்லையில் ஒரு பெரிய சேம்பு நின்றது, அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று படம்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்!